கசந்த கேணி

பால் விற்றுப் பிழைத்தவள் போதும்பொண்ணு. எண்ணெய்க் கம்பெனி ஊர் எல்லையில் எண்ணெய் எடுக்கப் பாறையைப் பிளந்து ஆசிட் விட்டதும் அவள் கேணித் தண்ணீர் கசந்தது. அதைக் குடித்த இரண்டு மாடுகளும் செத்துப்போயின.

ஊர்க்கூட்டத்தில் அவள் முறையிட்டபோது கம்பெனியின் தலைமைப் பொறியாளர் சிரித்தார். "எங்க ஆசிட்தான் வந்துச்சுன்னு நிரூபி, பார்ப்போம்."

"அது கெடக்கட்டும் சார். நீங்க சொன்ன அளவு எண்ணெய் வரலையாமே?" என்றாள் போதும்பொண்ணு.

அவருக்குச் சுருக்கென்றது. "அது என் தப்பில்லம்மா. ஆசிட் அரிச்ச விரிசல் மேல்பாறை பாரத்துல எங்கே மூடும், ஆசிட்டை எந்தப் பக்கம் ஓட விடும்னு யாராலயும் கணிக்க முடியாது."

"அப்போ என் கேணிப் பக்கம் ஓடலைன்னு மட்டும் எப்படி சார் கணிச்சீங்க?"

பொறியாளர் கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார். ஊரார் மறித்ததில் ஆசிட் வேலை அன்றோடு நின்றது.

மாடில்லாத போதும்பொண்ணு அடுத்த மாதமே பிழைப்புத் தேடித் திருப்பூர் பஸ் ஏறினாள். வழியனுப்ப ஊரே திரண்டு வந்தது. ஒரு மாடு வாங்கிக் கொடுக்கத்தான் யாரும் வரவில்லை.