பக்கத்திலிருப்பவரின் மனு

பேருந்தின் முதல் படி முழங்காலுக்கு மேலே இருந்த ஒரு மாநிலத்தில், ஓர் ஊன்றுகோல் வாழ்ந்துவந்தது. அலுமினியத்தில் செய்தது; கொஞ்சம் ரோஷக்காரக் கோல். அஞ்சுகம் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் வலது அக்குளில் அதற்கு இடம். அது ஏற முடியாத இடத்துக்கு அவளாலும் ஏற முடியாது.

அந்தக் கார்த்திகையில் அஞ்சுகத்துக்கு நகரத்துத் துணி ஆலையில் தையல் வேலை கிடைத்தது. மாசி முதல் தேதி சேர வேண்டும். ஊருக்கும் ஆலைக்கும் ஒரே ஒரு பேருந்துதான். ஊன்றுகோல் படியில் காலூன்றி அவளைத் தூக்குவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். மூன்று நாள் இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். மூன்று நாளும் புழுதிதான் மிச்சம்.

ரோஷக்காரக் கோல் சும்மா இருக்குமா? அஞ்சுகத்தைக் கிளப்பிக்கொண்டு, தெரிந்தவர் வேனில் தொற்றித் தலைநகரத்துக்குப் போயிற்று.

அங்கே பெரிய கதவு ஒன்று உண்டு. மாநிலத்தின் எல்லா மனுவும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கதவைக் கெட்டவர் என்று சொன்னால் பாவம். கனிவாகப் பேசுவார், வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். திறக்க மாட்டார், அவ்வளவுதான்.

ஊன்றுகோல் படியைத் தாழ்த்தச் சொல்லிக் கேட்டது. கதவு பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதன் அடியில் மாட்டிக்கொள்ளப் புது ரப்பர் ஒன்று கொடுத்தது. ஊன்றுகோல் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னது. பாதி வழி வந்த பிறகுதான், தான் ரப்பர் கேட்டுப் போகவில்லை என்பது அதற்கு உறைத்தது.

அடுத்த வாரம் மறுபடி போனது. இந்த முறை கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மலையடிவாரத்திலிருந்து வந்த சக்கர நாற்காலியின் மடியில் புது டயர் இருந்தது. காது மெஷின் ஒன்று பேட்டரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தது. கடலோரத்து வெள்ளைக்கோலுக்கு மடக்கிவைக்க ஓர் உறை கிடைத்திருந்தது. விசாரித்தால், எல்லோரும் பேருந்தைப் பற்றிக் கேட்க வந்தவர்கள்தான்.

ஆனால் நாற்காலிக்கும் வெள்ளைக்கோலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேருந்து நிலையத்தில் வெள்ளைக்கோல் தட்டிப் பார்த்து நடக்கப் புடைப்பு ஓடு பதிக்க வேண்டும் என்று அதன் ஆட்கள் ஏழு வருஷம் நடந்து வாங்கியிருந்தார்கள். நாற்காலி உருள வழவழப்பான தரை கேட்டதும், ஒரே நாளில் அந்த ஓடுகளைப் பெயர்த்துவிட்டார்கள். அந்த வழவழப்பில் ஊன்றுகோல் வேறு இரண்டு தடவை வழுக்கியிருந்தது. இந்தச் சண்டையைக் காட்டித்தான், “உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகலையே, நான் யாருக்குன்னு செய்யறது?” என்று கதவு எல்லோரையும் அனுப்பிவைக்கும்.

ஊன்றுகோல் முடிவெடுத்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே கூட்டம் போட வேண்டும். எல்லா மாவட்டத்துக்கும் சொல்லியனுப்பியது. மண்டபமும் அதுவே பார்த்தது. மாடியில் காற்றோட்டமான மண்டபம், எட்டே எட்டுப் படி, பிடிமானத்துக்குக் கம்பி உண்டு. இடமும் நேரமும் எழுதிச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியது.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லாம் ஊன்றுகோல்கள். முப்பத்திரண்டு மாவட்டத்து ஊன்றுகோல்களும் கூடி, ‘அனைவருக்கும் உரிமை’ என்று தீர்மானம் போட்டு, தரையைத் தட்டி ஆரவாரம் செய்தன. வெள்ளைக்கோல்கள் வரவில்லை, சுவரில் ஒட்டியதை அவை எப்படிப் படிக்கும்? ஒரே ஒரு காது மெஷின் மூலையில் உட்கார்ந்து, மைக்கின் இரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடாமல் விழித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கீழேயிருந்து சக்கர நாற்காலியின் குரல் வந்தது.

“தம்பி, நீயும் படிதானே வெச்சிருக்க?”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஊன்றுகோலுக்கு இரண்டும் எத்தனையோ வருஷமாக உண்டு, இருந்தும் தெரியவில்லை. அவமானத்தில் அது அந்த எட்டுப் படியையும் எப்படி இறங்கியது என்று அதற்கே நினைவில்லை. நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டது. பிறகு கடலோரம் வரை போய் வெள்ளைக்கோலிடமும் கேட்டது. வெள்ளைக்கோல் லேசில் மசியவில்லை. “நாம ரெண்டு பேரும் கோல், பங்காளிதானே?” என்று கெஞ்சியதற்கு, பங்காளி என்பதால்தான் யோசிக்கிறேன் என்றது.

இரண்டாவது கூட்டம் பேருந்துப் பணிமனைக்கு எதிரே இருந்த சிமெண்டுத் தரையில் நடந்தது. வருகிறவரிடமெல்லாம், நீ வர என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். அதற்கே பத்து நாள் ஆயிற்று. தரைச் சண்டை மட்டும் அரை மணியில் தீர்ந்தது. ஓர் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குப் புடைப்பு ஓடு இருந்தால் வெள்ளைக்கோலுக்குப் போதும், மீதித் தரையில் தான் உருண்டுகொள்வேன் என்றது நாற்காலி. சொரசொரப்பான சிமெண்டு போட்டால் தானும் வழுக்க மாட்டேன் என்றது ஊன்றுகோல். ஒருவரை ஒருவர் இத்தனை வருஷம் கேட்காமல் இருந்ததை நினைத்து எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது.

கதவிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வழி சொன்னது, அதுவரை வாயே திறக்காத காது மெஷின்தான்.

“நம்ம குறைய நாம சொன்னா, கையில ஒண்ணக் குடுத்து அனுப்பிடுறாரு. பக்கத்துல இருக்கவங்க குறையச் சொல்லுவோம். அப்ப யாருக்குன்னு குடுப்பாரு?”

தன் கஷ்டத்தை அடுத்தவர் தப்பும் தவறுமாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நாற்காலி பயந்தது. நியாயமான பயம். ஆகவே இப்படி முடிவாயிற்று: குறைக்குச் சொந்தக்காரர் பாடம் சொல்ல வேண்டும், பக்கத்திலிருப்பவர் ஒப்பிக்க வேண்டும், சொந்தக்காரர் சரி என்று தலையாட்டும் வரை விடக்கூடாது. வெள்ளைக்கோல், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடிச் சரிவு என்பதை முன்பின்னாக மாற்றி ஒப்பித்து நாற்காலியிடம் நாலு முறை வாங்கிக் கட்டிக்கொண்டது. காது மெஷினின் பாடம் ஊன்றுகோலுக்கு வந்தது.

தை கடைசி வாரத்தில் எல்லோருமாகக் கதவின் முன்னால் போய் நின்றார்கள். கதவு கூட்டத்தைப் பார்த்தது. பிறகு குனிந்து, ஊன்றுகோலிடம் மட்டும் தணிந்த குரலில் பேசியது.

“வர்ற திங்கட்கிழமையிலேருந்து உங்க ஊரு பஸ்ஸுக்கு மட்டும் தாழ்வான படி. உத்தரவு தயாரா இருக்கு. நீ உன் குறைய மட்டும் சொல்லிட்டுப் போ, இந்தப் பொண்ணு வேலையில சேரட்டும். மத்தவங்க ஒவ்வொருத்தரா வரட்டும்.”

மாசி பிறக்க ஐந்து நாள்தான் இருந்தது. அஞ்சுகம் ஆலைக்குக் கொண்டுபோகப் புது சாப்பாட்டு டப்பா கூட வாங்கியிருந்தாள். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால்தான் யார் குறை சொல்ல முடியும்? ஊன்றுகோல் தயங்காமல் சரி சொல்லட்டும் என்று நாற்காலி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. அதைப் பார்த்ததும்தான் ஊன்றுகோலுக்கு அழுகை வந்தது.

பிடியில் அஞ்சுகத்தின் கை ஈரமாக இருந்தது. அவள் மெல்லச் சொன்னாள்.

“நீ படிச்ச பாடத்தச் சொல்லு.”

ஊன்றுகோல் சொன்னது. “ஐயா, பஸ்ஸுல கண்டக்டர் ஊர் பேரக் கூப்பிடுறது இன்ஜின் சத்தத்துல எங்களுக்குக் கேக்குறதில்ல. எறங்க வேண்டிய ஊரத் தாண்டிப் போயிடுறோம். அடுத்த ஊர் பேரு எழுத்துல ஓடணும்.”

கதவு திகைத்தது. “இது உன் குறை இல்லையே?”

“இன்னிக்கு இதுதாங்க என் குறை.”

அடுத்து வெள்ளைக்கோல் சரிவைக் கேட்டது. காது மெஷின், ஊர்ப் பெயரை வண்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வெள்ளைக்கோலுக்காகக் கேட்டது. நாற்காலி, ஓர் எண் பிசகாமல் படியின் உயரத்தைச் சொல்லித் தாழ்த்தச் சொன்னது. அவர்களுக்குப் பின்னால் முப்பத்திரண்டு மாவட்டமும் வரிசையில் நின்று அடுத்தவர் குறையையே சொல்லிற்று. கதவு ஒரு கையில் ரப்பரையும் மறு கையில் பேட்டரியையும் வைத்துக்கொண்டு, எதை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றது. பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டது.

உத்தரவு உடனே வந்துவிடவில்லை. மாசி முதல் தேதி வந்தது, போனது. அஞ்சுகத்தின் வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஒரு வாரம் ஊன்றுகோலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆவணியில் மாநிலமெங்கும் புது வண்டிகள் விட்டார்கள். அஞ்சுகத்துக்கு அதற்குள் வேறோர் ஆலையில் இடம் கிடைத்திருந்தது. முதல் நாள் காலை, அவள் யார் கையையும் பிடிக்காமல் வண்டியில் ஏறினாள்.

புது வண்டி கொஞ்சம் வாயாடி. ஏறிய ஊன்றுகோலைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தது. “என் படி இவ்ளோ தாழ்வா இருக்கே, நீதான் சண்ட போட்டுக் கேட்டியாமே?”

முன்னால் சிவப்பு எழுத்தில் அடுத்த ஊரின் பெயர் ஓடியது. இரண்டு இருக்கை தள்ளி, காதில் மெஷின் வைத்திருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு நிதானமாக எழுந்து நின்றார்.

“இல்லீங்க. நான் அந்தப் போர்டத்தான் கேட்டேன்” என்றது ஊன்றுகோல்.