ஒருவழித் தெருவில் ஒரு மருமகள்

நிதானபுரத்தில் அப்போது ஒரே ஒரு தெருதான். மேற்கே சுடலையாண்டி வீட்டில் தொடங்கி, கிழக்கே உச்சிமாகாளி வீட்டில் முடியும். சுடலையாண்டி பேரூராட்சித் தலைவர். உச்சிமாகாளி அவரை எதிர்த்து நின்று ஒரே ஓட்டில் தோற்றவர். தான் போட்டதும் சுடலையாண்டிக்குத்தான் என்பது தோற்ற பிறகே அவருக்கு நினைவு வந்தது.

அந்தத் தெருவில் ஒரு நாள் இரண்டு வாழைத்தார் லாரிகள் எதிரும் புதிருமாக வந்துவிட்டன. டிரைவர்கள் இருவரும் மரியாதை தெரிந்தவர்கள். "நீங்க போங்க" என்றார் ஒருவர். "இல்ல, நீங்க போங்க" என்றார் மற்றவர். மூன்று நாள் இப்படியே போனது. பழமெல்லாம் கனிந்து, ஊரே தின்று தீர்த்தபின், காலி லாரிகளைப் பார்க்க மாவட்டத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார்.

தெருவின் மேற்குத் தலையில் அம்புக்குறி போட்ட பலகையை நட்டார். இனி எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கேதான் போக வேண்டும், எதிரே எதுவும் வரக் கூடாது என்றார். நடந்து போகிறவர்களும் அப்படித்தானா என்று பேரூராட்சி எழுத்தர் கொம்பையா கேட்டார். "எல்லாரும்தான்" என்று ஜீப்பில் ஏறிய பொறியாளர், தானும் கிழக்கே போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் சுடலையாண்டி மகன் இசக்கிராஜாவுக்கும் உச்சிமாகாளி மகள் வடிவுக்கும் கல்யாணம். பெண் வீட்டில் பந்தல். ஊரே கிழக்கே போனது, சாப்பிட்டது, வெற்றிலை போட்டது. பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பத் திரும்பியபோதுதான் எல்லோருக்கும் அந்தப் பலகை ஞாபகம் வந்தது.

நாலரை மணிக்குள் வடிவு வலது காலை மாமியார் வீட்டு வாசப்படிக்குள் வைத்தாக வேண்டும். தவறினால் அவள் அந்த வீட்டு மருமகளே இல்லை என்பது நிதானபுரத்து முறை. அங்கே மாமியார் ஆவுடைத்தங்கம் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

வாழைத்தோப்பு வழியாகச் சுற்றிப் போகலாம் என்றான் இசக்கிராஜா. புழக்கடை வழியாக வர அவள் என்ன பால்காரியா என்று எல்லோரும் அவனைக் கடிந்துகொண்டார்கள். கொம்பையா தொண்டையைச் செருமினார்.

"உலகம் உருண்டைதான. கெழக்கயே போய்க்கிட்டு இருந்தா மேக்க வந்து சேந்துரலாம்."

சுடலையாண்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரைக்குள்ள வந்துருவமா வே?"

கொம்பையா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, சாப்பிட நிற்காமல் போனால் வரலாம் என்றார்.

அதற்குள் ஆவுடைத்தங்கமே போன் செய்துவிட்டாள். பேச்சு மேற்கே போகலாமா என்று சுடலையாண்டி சற்றுத் தயங்கிவிட்டு, பலகையில் போன் படம் இல்லாததால் விஷயத்தைச் சொன்னார். ஆரத்தித் தட்டைக் கீழே வைக்காமலே ஆவுடைத்தங்கம் வழி சொன்னாள்.

"மருமக வீட்டுக்கு வர முடியலன்னா, வீடு மருமககிட்ட வரட்டும். வீடு வாறது கெழக்கதான?"

மாப்பிள்ளை வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த ஆசாரிகள் வாசல் நிலையைப் பெயர்த்துத் தோளில் சுமந்து வந்தார்கள். முன்னால் ஆவுடைத்தங்கம், ஆரத்தித் தட்டு சிந்தாமல். உச்சிமாகாளி வீட்டைத் தாண்டி வெட்டவெளியில் நிலையை நிறுத்தினார்கள். நாலு இருபத்தொன்பதுக்கு வடிவு வலது காலை எடுத்து வைத்தாள். இந்தப் பக்கம் வெட்டவெளி, அந்தப் பக்கமும் வெட்டவெளி. வீடு நல்ல காற்றோட்டமாக இருப்பதாக எல்லோரும் பாராட்டினார்கள்.

தூறல் விழுந்ததும் கூரையும் வேண்டும் என்று தெரிந்தது. கூரைக்குச் சுவர் வேண்டியிருந்தது. மற்றவர்களும் வீடு திரும்ப வேண்டுமே. எந்தக் கல்யாணத்திலும் வீட்டுக்கு ஒருவர் கோபித்துக்கொண்டு வராமல் இருப்பார் அல்லவா? அவர்கள்தான் ஊரைக் காப்பாற்றினார்கள். அவரவர் வீட்டைப் பிரித்து, முணுமுணுத்துக்கொண்டே, கிழக்கே சுமந்து வந்தார்கள். மேற்கே பழைய தெருவில் ஆடுகள் படுத்துக்கிடந்தன. போக யாருமில்லாவிட்டாலும் அம்புக்குறி கிழக்கையே காட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மறுவீடு. பெண்ணும் மாப்பிள்ளையும் உச்சிமாகாளி வீட்டுக்கு விருந்துக்குப் போக வேண்டும். அது இப்போது மேற்கே இருந்தது. உச்சிமாகாளி ஆசாரிகளைக் கூப்பிட்டார். தன் வீட்டைப் பிரித்து, சம்பந்தி வீட்டைத் தாண்டிக் கிழக்கே கட்டிவிட்டுத்தான் இலை போட்டார். விருந்து முடிந்து பெண் புகுந்த வீடு திரும்ப, சுடலையாண்டி தம் வீட்டைப் பிரித்தார். ஆடிக்கு ஒரு தாண்டல், தலைதீபாவளிக்கு ஒரு தாண்டல். பின்னாலேயே டீக்கடை, ரேஷன் கடை, தபால்பெட்டி. மாவட்டத்திலேயே இவ்வளவு வேகமாக வளரும் ஊர் வேறில்லை என்று செய்தித்தாளில் வந்தது. ஊரை நகராட்சி ஆக்கினார்கள். பொறியாளர் வந்து பழைய தெருவைப் பார்த்துவிட்டு, நெரிசல் அறவே நீங்கியது என்று எழுதிக்கொண்டார்.

வளைகாப்பு வந்தபோது சுடலையாண்டி வீடு கடற்கரையில் நின்றது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தாய்வீடு மேற்கே. கிழக்கே அலைதான் இருந்தது.

வடிவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மாமனாரைப் பார்த்தாள். "அந்தப் பலகையத் திருப்பி வச்சா என்ன மாமா?"

நகராட்சி மன்றம் கூடி அந்த யோசனையை ஒருமனதாக ஏற்றது. பலகை இருப்பது மேற்கே என்பதால், அங்கே போய்த் திருப்ப வழியில்லை என்பதையும் ஒருமனதாக ஏற்றது.

உச்சிமாகாளி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு மீன்பிடிப் படகை அமர்த்தினார். அதன் நடுவில் தம் வீட்டு நிலையை நிறுத்தி, அடுப்பை வைத்து, மனைவியை உட்கார வைத்தார். வடிவு வலது காலை எடுத்து வைத்துத் தாய்வீட்டுக்குள் போனாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். வீடு லேசாக ஆடியது.

படகு அலையைத் தாண்டியதும் உச்சிமாகாளி எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கத்தினார்.

"சம்பந்தி, இங்க எடம் தாராளமாக் கெடக்கு. தெருவப் போட்டுக்கிட்டே வாங்க."

சுடலையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் கூடை சரளையைக் கடலில் கொட்டினார்.