கும்பிடு போட்ட தூண்

மலையடிவாரத்து மடத்தில் வேலி போடும் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. நாற்பது சிமெண்ட் தூண்கள் நட்டாகிவிட்டன. மூலைத்தூண் ஒன்றும், அதற்குச் சாய்வாக முட்டுக்கொடுக்கும் தூண் ஒன்றும்தான் பாக்கி. உடனே இறுகும் சிமெண்ட் கலவையும் சரியாக இரண்டே மூட்டை. பொழுது சாய்வதற்குள் மூலையை அடைக்காவிட்டால் காட்டுப்பன்றிகள் இந்த வருஷமும் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்றுவிடும். போன வருஷம் தின்றதில் மடத்து மதியச் சாப்பாடு நாலு மாதம் நின்றுபோனது.

மூலையில் குழி எடுத்துக்கொண்டிருந்தவர் மாசிலாமணி. வயது அறுபத்து நான்கு. சீடர்களில் மூத்தவர் அவர்தான். கடைசியாக வந்து சேர்ந்தவரும் அவர்தான். குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் மாசிலாமணியை ஐயா என்றே கூப்பிடுவார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"என் பங்காளி பரஞ்சோதி, வேலியைத் தள்ளிப் போட்டு என் நிலத்துல மூணு முழம் எடுத்துக்கிட்டான். பத்தொன்பது வருஷம் ஆச்சு. அந்தப் பகை இன்னும் நெஞ்சுக்குள்ள நட்டுக்கிட்டு நிக்குது. அதை எப்படிப் பிடுங்கறது?"

"தூணைப் பிடிங்க."

மாசிலாமணி தூணைக் குழியில் நிறுத்திப் பிடித்தார். குரு ஒரு மூட்டைக் கலவையை உலர்ந்தபடியே அதைச் சுற்றிக் கொட்டினார். மேலே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினார்.

"பத்து நிமிஷத்துல கல்லாயிடும். அதுவரைக்கும் கையை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கம்பிச் சுருளை எடுத்துவரப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பாதையில் ஒரு மொபெட் வந்து நின்றது. பரஞ்சோதி.

"என்னண்ணே, இங்கேயும் வேலியா? சாமியாரு நிலமாவது முழுசா இருக்கா?"

மாசிலாமணிக்குக் கண் சிவந்துவிட்டது. "டேய் திருட்டுப் பயலே!" என்று தூணை விட்டுவிட்டுப் பாதைக்கு ஓடினார். பத்தொன்பது வருஷத்துப் பேச்சையும் பேசித் தீர்த்தார். கடைசியில் பரஞ்சோதி அவர் தோளுக்குப் பின்னால் கை காட்டிச் சிரித்தான்.

"திரும்பிப் பாருண்ணே. உன் வேலி எனக்குக் கும்பிடு போடுது!"

தூண் பாதைப் பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே இறுகிப்போயிருந்தது. மாசிலாமணி ஓடிவந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார். கடப்பாரையைப் போட்டு நெம்பினார். அது மசியவில்லை.

குரு கம்பிச் சுருளோடு வந்து நின்றார்.

"பன்னிக்கு விருந்து வச்சுட்டேன் சாமி" என்றார் மாசிலாமணி.

குரு சாய்ந்த தூணைச் சுற்றி வந்தார். அதன் தலைக்கு நேர் கீழே, காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

"இங்க குழி எடுங்க. இருக்கிற தூணை இதுல நடலாம்."

"அது முட்டுக்கு வச்சிருக்கிற தூணாச்சே சாமி."

"முட்டுதான் நட்டாச்சே."

மாசிலாமணி சாய்ந்த தூணைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

மாசிலாமணி பிடிக்க, தூண் நின்றது. கலவை விழுந்தது. தண்ணீர் விழுந்தது. தூண் தலையில் குரு நேர் பார்க்கும் தூக்குக்குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

பரஞ்சோதி போகவில்லை. மொபெட் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"இந்தத் தடவை காலிலேயே விழுமாண்ணே?"

மாசிலாமணி தூக்குக்குண்டின் நூலையே பார்த்தார்.

"நிலத்தைப் பிடிச்சு வச்சுக்கத் தெரியல. தூணைப் பிடிக்க வந்துட்டாரு!"

காது மடல் எரிந்தது. கை நரம்பு புடைத்தது. நூல் இம்மியும் விலகவில்லை.

"பேச மாட்டியாண்ணே? சாமியார் ஆயிட்டியா?"

ஒரு வியர்வைச் சொட்டு மூக்கு நுனியில் வந்து நின்றது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

"போதும் ஐயா" என்று குரு சொன்னபோது பாதை காலியாக இருந்தது. மொபெட் எப்போது போனதென்று மாசிலாமணிக்குத் தெரியாது.

சாய்ந்த தூணின் தலை, நிமிர்ந்த தூணின் கழுத்தில் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். முள்கம்பியை இழுத்தார்கள். சுண்டினால் ஓசை வருகிற அளவுக்கு இறுக்கினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பன்றிகள் இறங்கின. முன்னால் வந்த பெரிய ஆண் பன்றி போன வருஷம் நுழைந்த அதே மூலைக்கு நேராக ஓடிவந்து முட்டியது. கம்பி அதிர்ந்தது. தூண் அசையவில்லை. பின்வாங்கி மறுபடி முட்டியது. மூன்றாவது முறை, மண் பறக்க வந்து மோதியது. பிறகு தலையை உதறிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பியது. கூட்டம் முழுக்க அதன் பின்னால் போனது.

மாசிலாமணி தலைத்துண்டை அவிழ்த்து வானத்தில் சுழற்றினார். "போங்கடா! அடுத்த வருஷமும் வந்து முட்டுங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மடத்துச் சமையற்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

சத்தம் ஓய்ந்தபின் மாசிலாமணி மூலைக்குப் போனார். சாய்ந்த தூணின் மேல் கையை வைத்தார்.

"சாமி, அவன் மேல உள்ள பகை அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும் ஐயா. பக்கத்துல நேரா ஒண்ணு நட்டுட்டீங்களே."