பாதி நெல்லும் முழுப் பல்லக்கும்

பேரரசர் ஏழைகளுக்கு அனுப்பும் தர்ம நெல்லைப் பாதியாக வெட்டிவிட்டார். "என் கையில் என்ன இருக்கிறது?" என்று சிற்றரசர் ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் ஊர்க் கஞ்சித்தொட்டிக்கு உத்தரவு சொல்ல மந்திரி சேந்தனார் பல்லக்கில் வந்து இறங்கினார்.

"நெல் பாதிதான் வரும். ஆனாலும் ஒரு குடும்பம் பசித்தது என்று என் காதில் விழக் கூடாது!"

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த செம்பாயி நிமிர்ந்தாள். "ஒரு வழி இருக்கு சாமி. பெரிய வீட்டுல வேலை செய்யறவங்க எல்லாம் எசமான் வீட்டுலயே சாப்பிடட்டும்னு உத்தரவு போடுங்க. வரிசை பாதியாக் குறைஞ்சிடும்."

"பேஷ்! போட்டேன் உத்தரவு!"

"கேட்டீங்கல்ல? அவங்கல்லாம் விலகிக்குங்க," என்றாள் செம்பாயி வரிசையைப் பார்த்து.

முதலில் விலகியவள் சேந்தனார் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். அடுத்து அவருடைய மாட்டுக்காரன், பெண்டாட்டி பிள்ளைகளோடு. கடைசியில், அவரை இறக்கிவிட்ட கையோடு வரிசைக்கு ஓடியிருந்த பல்லக்குத் தூக்கிகள் நாலு பேரும் வெறும் சட்டியோடு வந்து நின்றார்கள்.

சேந்தனார் வெறும் சட்டிகளைப் பார்த்துவிட்டு, பல்லக்கில் ஏறத் தயங்கினார்.

"பயப்படாம ஏறுங்க சாமி," என்றான் தூக்கிகளில் ஒருவன். "இத்தனை நாளும் இந்தக் கஞ்சியைக் குடிச்சுத்தானே உங்களைத் தூக்கினோம். இனிமே உங்க வீட்டுச் சோத்துல தெம்பாவே தூக்குவோம்."

அன்று காலிப் பல்லக்கு முன்னே போக, மந்திரி தலையைக் குனிந்தபடி பின்னால் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்.