சொக்கநாதன் கேரவனின் கழிவறை

பழைய வேனையே வீடாக்கி, கணவனும் கைக்குழந்தையுமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள் பொன்மலர். ஏலகிரிக்கு வந்தபோது கழிவறைத் தொட்டி நிறைந்துவிட்டது. வேன்வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கூசிக் கூசிக் கேட்டாள்: "தொட்டியை எல்லாரும் எங்கே காலி பண்றீங்க?"

சமையலைப் பற்றிக் கேட்டால் சளசளக்கும் குழு, இதற்கு வாயே திறக்கவில்லை. ஏலகிரியிலேயே பளபளப்பான கேரவனை நிறுத்தியிருந்த அட்மின் சொக்கநாதன் மட்டும் பாய்ந்தார்.

"கௌரவமானவங்க இருக்கிற இடம்மா இது! என் கேரவன்ல நாத்தமே வந்ததில்லை. இப்பவே மன்னிப்பு கேளு, இல்லன்னா குழுவை விட்டுத் தூக்கிடுவேன்."

பொன்மலருக்கு முகம் எரிந்தது. தெரியாத ஊரில் வழி கேட்க அவளுக்கு வேறு ஆளில்லை. காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே போனில் பதில் தட்டினாள்:

"மன்னிச்சிருங்கண்ணா. நாத்தமே வராத கழிவறையைப் பார்த்துக் கத்துக்கிறேன். இதோ, குழந்தையோட வர்றேன். கொஞ்சம் அவசரம்."

"நானும் ஏலகிரிலதான் இருக்கேன். மாமியாரையும் கூட்டிட்டு வர்றேண்ணா," என்றார் இன்னொருவர்.

சொக்கநாதன் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்.

"யாரும் வராதீங்க. அதுக்குள்ள அரிசி மூட்டை அடுக்கியிருக்கு. நாங்க பெட்ரோல் பங்க்குக்குத்தான் போறோம்."

சிரிக்க ஒருவருக்கும் துணிவில்லை. யாரோ சத்தமில்லாமல் கழிவுநீர் லாரிக்காரரின் நம்பரை அனுப்பினார். பொன்மலர் உடனே அழைத்தாள்.

"வேன்வீடா? மலைக்கு வர்ற உங்காளுங்க பாதிப்பேர் என்னைத்தாம்மா கூப்பிடுறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு ஒரே கெஞ்சல்!"

அதையே கெஞ்சத்தான் வாயெடுத்திருந்தாள் பொன்மலர்.