உச்சி வெயிலில் எத்தனை கூடை

“இதுல எது பொய்னு காட்டுங்க, டீச்சர்.”

எமல்டாவின் வகுப்பறைக்கே வந்த தங்கப்பழம் ஒரு அறிக்கையை அவர் மேஜைமேல் போட்டார். உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் அவருக்கு முப்பத்தெட்டு வருடம். நான்கு முறை சிறை. படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம்.

எமல்டா கல்லூரியில் எம்.ஏ. பொருளாதார மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறவர். தங்கப்பழத்தைவிட முப்பது வயது இளையவர்.

உச்சி வெயிலில், பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, ஓய்வு வேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு உப்பு குறையும் என்றது முதலாளிகளின் அறிக்கை. பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். மறுநாள் தொழிலாளர் அதிகாரி முன் விசாரணை.

எமல்டா முழுவதும் படித்தார்.

“கணக்கு சரியாத்தான் இருக்கு, அண்ணாச்சி.”

“நீங்களும் அவுங்க ஆளுதானா?”

எமல்டா எழுந்தார். கரும்பலகையில் படுக்கையாக ஒரு கோடு கிழித்தார். காலை ஆறு முதல் மாலை நாலு வரை. அதன் ஓரத்தில் நிமிர்ந்து ஒரு கோடு. சாக்பீஸை அவரிடம் நீட்டினார்.

“ஒவ்வொரு மணி நேரத்துலயும் எத்தனை கூடை உப்பு சுமப்பாங்க? போடுங்க.”

மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கப்பழம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஆறிலிருந்து நாலு வரை ஒரே உயரத்தில் இழுத்தார்.

“எங்க ஆளு தளரமாட்டான். இதை நோட்டீஸ் நோட்டீஸா எழுதியிருக்கேன்.”

எமல்டா அறிக்கையின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து பலகையோரம் பிடித்தார்.

அதிலும் ஒரு கோடு. ஆறிலிருந்து நாலு வரை. ஒரே உயரம். பத்து மணி நேரத்தில் இரண்டு போனால் ஐந்தில் ஒரு பங்கு.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

தங்கப்பழம் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்துத் தன் கோட்டை அழித்தார்.

மறுபடி போட்டார். ஆறு மணிக்கு உயரம். ஒன்பதுக்கு இறக்கம். பன்னிரண்டுக்கு ஏறக்குறைய தரை. இரண்டுக்குமேல் கொஞ்சம் எழும்பியது.

“பன்னெண்டுக்கும் ரெண்டுக்கும் நடுவுல கோடு இருக்கான்னே தெரியல, ஐயா,” என்றான் ஒரு மாணவன்.

“அந்த ரெண்டு மணி நேரத்துல மூணு கூடைதான்,” என்றார் தங்கப்பழம். “போன மாசம் எங்க பேச்சித்தாய் வெயில்ல சுருண்டு விழுந்தது மூணாவது கூடையோட.”



“அந்த ரெண்டு மணி நேரத்துல கோட்டுக்குக் கீழ உள்ள பரப்பை எடுங்க, அதுதான் அந்த நேரத்துக் கூடைக் கணக்கு,” என்றார் எமல்டா.

பேனாக்கள் ஓடின.

“மொத்தத்துல இருபதுல ஒரு பங்குகூட இல்ல, மேடம்.”

கணக்கைச் சொன்ன மாணவன் தாளை மடித்துத் தங்கப்பழத்தின் சட்டைப் பையில் வைத்தான். “நாளைக்கு இதைக் காட்டுங்க, ஐயா.”

“தளரமாட்டான்னு நோட்டீஸ் போட்டு, அவுங்களுக்கு இத்தனை வருசமா அந்தக் கோட்டை நானேல்ல எழுதிக் கொடுத்திருக்கேன்,” என்றார் தங்கப்பழம்.

காவல் நிலையத்தில்கூடக் குவியாத கைகளைக் குவித்தார்.

“காலேஜ்காரங்க வருவாங்க, எங்களைப் பத்தி எழுதுவாங்க, போயிடுவாங்க. கையில சாக்பீஸைக் கொடுத்துக் கேட்டது நீங்கதான், டீச்சர். சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்.”

எமல்டா அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அதைத் தயாரித்தவரின் கையெழுத்துக்குக் கீழே இருந்த பெயரில் விரலை வைத்தார்.

“நன்றி நான்தான் சொல்லணும், அண்ணாச்சி. இவன் இந்தப் பெஞ்சுல இருந்து எங்கிட்டப் படிச்சவன். பரீட்சையில இவன் போட்ட அந்த மாதிரிக் கோட்டுக்கு முழு மார்க் போட்டது நான்.”