ஒரு கட்டை

முன்னொரு காலத்தில், மரத்துக்கும் மனுசருக்கும் பேச்சுவார்த்தை இருந்த காலத்தில், மஞ்சநத்தம் என்று ஓர் ஊர். ஊருக்கு மேற்கே ஊமங்காடு. அங்கே மரம் உண்டு, நிழல் உண்டு, குருவிச் சத்தம் மட்டும் கிடையாது. காற்றடித்தாலும் இலை பேசாது. எந்தப் பறவையும் அங்கே கூடு கட்டியதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை.

அந்த ஊரில் விறகு வெட்டும் செங்கோடனுக்கு ஒரே மகள், பாவாயி. தாயில்லாத பிள்ளை. நல்ல பெண், கெட்டிக்காரப் பெண். குரல்தான் கட்டைக்குரல். அவள் இருட்டில் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டால், யாரோ பெரியவர் வந்திருக்கிறார் என்று பாய் விரிப்பார்கள். ஆனால் அவளுக்குப் பாட்டென்றால் உயிர். கோயில் மண்டபத்தில் பெண்களுக்குக் கும்மிப் பாட்டு சொல்லித்தரும் சொர்ணக்கண்ணியிடம் ஒருநாள் போய், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றாள். சொர்ணக்கண்ணி ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டாள்.

"அடியே, நாங்க அஞ்சு கட்டையில பாடறவங்க. உன் குரல் ஒரு கட்டையிலேயே உக்காந்துக்குதே, ஏறவே மாட்டேங்குதே. உன்னைச் சேர்த்தா கும்மி ஒப்பாரியாயிரும்."

குரல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பாடுகிறவர்கள் இத்தனை கட்டை, அத்தனை கட்டை என்று சொல்வது வழக்கம். மண்டபமே சிரித்தது. பாவாயி வாயை மூடிக்கொண்டு வந்தவள், அதற்குப் பிறகு அப்பாவுக்கு மட்டும்தான் பாடினாள்.

அந்த வருஷம் மழை விடாமல் ஊற்றியது. ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஈர விறகு. ஊமங்காட்டில் மட்டும் மரங்கள் காய்ந்து நின்றன. மழை விட்ட ஒரு நாள், உச்சிவெயிலில் செங்கோடன் உள்ளே போனான். ஒரு மரத்தைப் பார்த்துக் கோடாலியைப் போட்டான்.

மரம் 'ம்' என்று முனகியது.

கோடாலி அப்படியே சிக்கிக்கொண்டது. பிடித்த கை பிடியோடு ஒட்டிக்கொண்டது. எதிரே இருந்த மரத்தின் பொந்து மெல்லத் திறந்தது. உள்ளே முகம் இல்லை, உடம்பு இல்லை. உதடுகள் மட்டும் இருந்தன. மரவாயன் என்ற மந்திரவாதி அவன்தான்.

"என் மரத்தை வெட்டினே. பதிலுக்கு ஒரு கட்டை தர்றேன்னு சொல்லு. கையை விடறேன்."

விறகு வெட்டுகிறவனிடம் கட்டைக்கா பஞ்சம்? "தர்றனுங்க சாமி, ஒரு கட்டை" என்றான் செங்கோடன். கை விட்டது. கோடாலியை மரத்திலேயே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

சாயங்காலம் சோறு பிசைய உட்கார்ந்தான். கட்டைவிரல் மடங்கவில்லை. பாவாயி பிடித்துப் பார்த்தாள். நகம் இருந்த இடத்தில் மரப்பட்டை இருந்தது. தட்டினால் டக்கென்றது. நடந்ததையெல்லாம் செங்கோடன் அப்போதுதான் சொன்னான்.

மறுநாள் உச்சிவெயிலில் பாவாயி ஒரு சந்தனக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஊமங்காட்டுக்குப் போனாள். பொந்து அதை முகர்ந்து பார்த்தது.

"வாசமாத்தான் இருக்கு. ஆனா மரத்துல பொறந்ததெல்லாம் என்னுது. என்னுதையே எனக்குத் தருவியா? வேற கட்டை கொண்டா."

திரும்பும் வழியில் கால் இடறி, விழாமலிருக்க ஒரு மரத்தைப் பிடித்தாள். பட்டைக்கு அடியில் ஏதோ மேலே ஏறி, கீழே இறங்கியது. மூச்சு. அடுத்த மரத்தில் ஒரு கணு, இமை மாதிரி ஒருமுறை மூடித் திறந்தது. பாவாயி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வீட்டில் அப்பா இடுப்புவரை மரமாகியிருந்தார்.

அடுத்த நாள் துடைப்பக்கட்டையை எடுத்துக்கொண்டு போனாள். கோபமும் ஒரு காரணம். உனக்கு இதுதான் பொருத்தம் என்று பொந்துக்கு முன்னால் போட்டாள். உதடுகள் சிரித்தன. அந்தச் சிரிப்புக்குச் சுற்றியிருந்த மரங்களெல்லாம் நடுங்கின.

"ஈர்க்கு எங்க பொறந்தது? தென்னை மரத்துல. அதுவும் என்னுது. மரத்துல பொறக்காத கட்டை எதுன்னு உனக்குத் தெரியாதா கண்ணு? சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்களே. அது வேகறப்ப சுத்தி நிக்கறவங்க கண்ணுல தண்ணி வருமே. அந்தக் கட்டை."

"ஈர விறகு எரிஞ்சாலும் கண்ணுல தண்ணி வருங்க" என்றாள் பாவாயி.

உதடுகள் சிரிப்பை நிறுத்தின.

"நாளைக்கு உச்சி ஏறினா உங்கப்பன் முழுசா என்னுது. உன் வீட்டுல அவன் இருக்க மாட்டான். இங்க முளைச்சிருப்பான். இங்க நிக்கறவங்க எல்லாரும் அப்படி முளைச்சவங்கதான்."

பாவாயி வீடு வந்து இரவெல்லாம் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறும்போது மரம் அவர் கழுத்துக்கு வந்திருந்தது. நாக்கு தடிக்க, அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாடு அம்மிணி."

அடிவயிற்றிலிருந்து, எப்போதும் பாடும் அந்தத் தாழ்ந்த குரலில் பாடினாள். அப்பாவின் மரநெஞ்சு தம்புராக் குடம்போல ரீங்கரித்தது.

"உள்ள... இளகறாப்புல இருக்கு" என்றார்.

பாவாயி பாதி வரியில் நிறுத்தினாள். மண்டபத்துச் சிரிப்பு காதில் கேட்டது. சொர்ணக்கண்ணி சொன்னது கேட்டது. எழுந்தாள். வெறுங்கையோடு நடந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். கோடாலி சிக்கிய மரத்துக்குப் பக்கத்தில், நேற்று இல்லாத ஒரு மரம் நின்றது. அதன் கிளையில் அப்பாவின் துண்டு தொங்கியது.

அவள் அதைத் தொடவில்லை. பொந்தின் முன்னால் போய் நின்றாள்.

"எங்கப்பா என்ன தர்றேன்னு சொன்னாரு?"

"ஒரு கட்டை."

"என்ன கட்டைன்னு சொன்னாரா?"

"இல்லை."

"மரத்துல பொறக்காததாக் குடுத்தா விட்டுருவியா?"

"வாக்குன்னா வாக்கு. கையில ஒண்ணையும் காணோமே?"

"வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுப் பாவாயி பாடினாள்.

எத்தனையோ காலமாய்ச் சத்தமே கேட்காத காட்டில் அந்தக் குரல் தரையோடு தரையாக நகர்ந்து போனது. பொந்து நெளிந்தது. இது என்ன, இது என்ன என்று உதடுகள் கேட்டன. பாவாயி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"பாடறவங்களைக் கேட்டுப் பாரு. இதுக்கு மேல ஏறாது. ஒரு கட்டை."

வேண்டாம் என்று சொல்ல மரவாயனால் முடியவில்லை. கொடுத்த வாக்கு அவனையும் கட்டும். மறுபடி அவள் பாட, குரல் பொந்துக்குள் புகுந்தது. பொந்து என்றால் சத்தத்தைப் பெருக்கத்தானே செய்யும்? உள்ளே சுழன்று சுழன்று பெரிதானது. முதலில் துண்டு தொங்கிய மரம் ரீங்கரித்தது. அப்புறம் அதன் பக்கத்து மரம். அப்புறம் காடு முழுக்க அதே ஒரு கட்டையில் முனகியது. வாய் திறக்க வழியில்லாமல் நின்றவர்கள் அத்தனை பேரும் உள்ளிருந்தே கூடப் பாடினார்கள்.

உதட்டிலிருந்து வேர்வரை பொந்து பிளந்தது. உள்ளே யாருமே இல்லை. கொஞ்சம் உளுத்த தூள் கொட்டியது, அவ்வளவுதான்.

மரப்பட்டைகள் உதிர்ந்தன. செங்கோடன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வலது கட்டைவிரல் மட்டும் கடைசிவரை மரமாகவே இருந்தது. சொர்ணக்கண்ணி வீடு தேடி வந்து பாவாயியை அழைத்துப்போய்க் கும்மிக்கு நடுவில் நிறுத்தியதும், அவள் பாடும்போதெல்லாம் அந்த விரல் ரீங்கரித்ததும் பிற்பாடு நடந்தவை.

அன்றைக்கு ஊமங்காட்டில் ஆணும் பெண்ணுமாக ஆட்கள் கால் மாற்றி நின்று பழகினார்கள். பாவாயியைக் கும்பிட்டார்கள். ஒவ்வொருவராய் ஊர்வழி தேடிப் போனார்கள். போகப் போக நிழல் குறைந்தது. காடு என்று நினைத்தது காடே இல்லை. குழி குழியாய் வெறும் பொட்டல்.

கடைசியாக ஒரு ஆள் நின்றான். தோளில் கோடாலி இறங்கியிருந்தது. அவன் கோடாலியைத் தானே பிடுங்கி எடுத்து, செங்கோடனைப் பார்த்தான். செங்கோடன் தலை குனிந்தான்.

"வெட்டினது நீங்கதானா?"

"நான்தானுங்க. ஆளுன்னு தெரியலைங்க."

"நீங்க வெட்டினதாலதான் உங்க மக வந்துச்சு" என்றான் அந்த ஆள். கோடாலியைத் திருப்பி, பிடி செங்கோடன் பக்கம் இருக்கும்படி நீட்டினான். "இனிமே ஒருதரம் தட்டிப் பார்த்துட்டு வெட்டுங்க."

தோளைப் பொத்திக்கொண்டு, பொட்டலைத் தாண்டி, அவன் நடந்து போனான்.